நான்கு தொண்டை வைத்த சிவப்புக் கார்

முதலில் நின்றது பேச்சுச் சத்தம்தான்.

கொழுந்து மலையில் பெண்கள் நிரை பிடித்துத் தேயிலை பறிக்கும்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். யாருடைய மாமியார், யாருடைய கல்யாணம், எந்தக் கங்காணிக்கு எந்த ஊரில் தொடர்பு என்று அது ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குப் போகும், வரும். நான் மலைக்குக் கீழே பாதையோரம் ஒரு சிவப்புக் காரின் பொனட்டைத் திறந்து வைத்துக் குனிந்து நின்றேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனை என் இடது காதில். மறு முனை இயந்திரத்தின் மூன்றாவது வாயில். இடது காதுக்குள் காற்று 'புஸ்' என்று இழுபட்டது. வலது காதில் பெண்களின் பேச்சு.

திடீரென்று வலது காதில் ஒன்றுமில்லை.

அடுத்த கணம் ஒருத்தி அலறினாள். "கொளவி! கொளவி! படுங்கடி, படுங்கடி!"

நிமிர்ந்து பார்த்தேன். மேலே நின்ற உயரமான சவுக்கு மரத்திலிருந்து புகை மாதிரி ஏதோ கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. கூடைகள் உருண்டன. சிலர் தேயிலைச் செடிகளுக்கடியில் விழுந்தார்கள். சிலர் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாதையை நோக்கி ஓடி வந்தார்கள்.

நான் முதலில் செய்த காரியம், காருக்குள் பாய்ந்து கண்ணாடிகளை மேலே ஏற்றியது. இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பிருந்த மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தொடரில் உங்கள் கெட்டித்தனங்களை மட்டுமே எழுதுகிறீர்கள்" என்று கேகாலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த வாரத்துக் கதை அவருக்கு.

சத்தம் மட்டும் வேண்டும்

அந்தக் கார் நிஹால் முதலாளியுடையது. அவர் இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரி. ஒல்லியானவர், மென்மையாகப் பேசுவார். நல்ல நீலக்கல் ஒன்று கைக்கு வந்த வருடத்தில் ஜப்பானிலிருந்து வந்த அந்தச் சிவப்புக் காரை வாங்கினார். வாங்கியபின் மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் அதை அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. வளைவுகளில் அதுவும் குறையும். அவருக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பஸ்களும் ஒரு கல் லொறியும் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊர்வலம் வரும்.

அவருடைய மச்சானும் கல் வியாபாரிதான். அவர் ஒரு பெரிய ஜீப் வாங்கினார். அது முற்றத்தில் வந்து நின்றாலே வீட்டு ஜன்னல் அதிருமாம். அதிலிருந்துதான் நிஹால் முதலாளிக்குத் தூக்கம் கெட்டது.

நான் அப்போது இரத்தினபுரி டவுனுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருந்தேன். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த என் பெயர் யோகநாதன். டவுனில் எல்லோருக்கும் 'யோகா பாஸ்'. சிங்களத்தில் கைவேலைக்காரனைப் பாஸ் என்பார்கள். தோட்டத்தில் இருக்கும் என் அக்கா பாக்கியத்துக்கு இது பெரிய சிரிப்பு. "தொரைக்கே பாஸ் இருக்காரு, ஒனக்கு என்னாடா பாஸ்?" என்பாள்.

ஒருநாள் காலை நிஹால் முதலாளி ஒரு காட்போட் பெட்டியோடு வந்தார். பெட்டியைப் பிரித்தால் பழைய ஜப்பான் செய்தித்தாள்களுக்குள் நான்கு அலுமினியக் குழாய்கள், ஒரே வரிசையில், ஊதுகுழல் மாதிரி வாய் விரிந்து பளபளவென்று இருந்தன. கூடவே ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி. கொழும்பில் பழைய இயந்திரச் சாமான் விற்கும் ஒருவர், "இதைப் போட்டால் கார் சிங்கம் மாதிரிக் கத்தும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

"யோகா பாஸ், இத பூட்டிக் குடுங்க" என்றார் முதலாளி, தனக்குத் தெரிந்த தமிழில்.

"மாத்தயா, இது ரேஸ் ஓட்டுறவங்க போடுறது. நீங்க வேகமா ஓட்ட மாட்டீங்களே?"

"அனே பாஸ், வேகம் எபா." வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சத்தம் மட்டும் ஓனே."

நான் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நான்கு குழாய்களையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். விரலால் தள்ளினால் நான்கு தகடுகளும் ஒரே நேரத்தில் திறந்தன, ஒரே நேரத்தில் மூடின. என் கல்யாணத்தன்று மணவறையில்கூட நான் அவ்வளவு ஆசையோடு எதையும் பார்த்ததில்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள். அவள் அன்று கராஜுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

காற்றுக்கு நான்கு கதவு

வண்டி வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பெட்ரோல் திறப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் திறப்பது காற்றுக் கதவு. அதைத்தான் த்ரோட்டல் என்கிறோம். எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் பீச்சும். சாதாரணக் காரில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கதவு. தோட்டத்து லய வீட்டு வரிசையில் நான்கு குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பைப் இருக்கிற மாதிரி. நிஹால் முதலாளி கொண்டுவந்தது வீட்டுக்கு ஒரு பைப்.

வீட்டுக்கு ஒரு பைப் வந்தால் சண்டை தீரும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே சண்டையே அதற்குப் பிறகுதான் தொடங்கும். நான்கு கதவுகளும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒருவனுக்குக் கொஞ்சம் கூடப் போனால் அடுத்தவன் இருமுவான். ஒருவன் இருமினால் கார் முழுக்க நடுங்கும்.

பூட்டுவதற்கே மூன்று கிழமை போனது. குழாய்களின் துளைகளும் இயந்திரத்தின் துளைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. நடுவில் வைக்கத் தடித்த அலுமினியத் தட்டு ஒன்றை வெட்டி, அரத்தால் ராவி, இரண்டு பக்கமும் துளை போட்டேன். எங்காவது ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே திருட்டுக் காற்று நுழைந்துவிடும். இயந்திரத்தை ஓடவிட்டு, ஓரமெல்லாம் மண்ணெண்ணெய் தெளித்துப் பார்ப்பேன். தெளித்த இடத்தில் ஓட்டம் மாறினால் அங்கே ஓட்டை. மூன்று தடவை தட்டைக் கழற்றி மூன்று தடவை ராவினேன்.

கதவுகளைச் சமப்படுத்த வெளிநாட்டில் அழகான கருவிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் இருந்தது காதில் வைக்கிற ரப்பர் குழாயும், தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய சேலைன் குழாயும். சேலைன் குழாயை வளைத்து, அடியில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் ஊற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு த்ரோட்டல்களில் செருகினால் போதும். எவன் அதிகம் உறிஞ்சுகிறானோ அவன் பக்கம் ஒயில் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை திருகாணியைத் திருக வேண்டும். டிஸ்பென்சரிக்காரர் "யாருக்கு ஏத்தப் போற?" என்று கேட்டார். காருக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. தோட்டத்தில் நோயாளிகளைவிடக் கார் நன்றாகக் கவனிக்கப்படும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்.

சார்ஜண்ட் கேட்ட கேள்வி

கராஜில் நின்றபடி ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தது. ஏற்றத்தில் சட்டென்று மிதித்தால் மட்டும் வாய்வழியே 'டப், டப்' என்று வெடித்தது. அதை ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். ஓட்டிக்கொண்டு டவுனுக்குள் போனேன்.

அது என்ன காலம் என்று சொல்ல வேண்டும். சமாதானம் என்று கொஞ்ச நாள் பேசிவிட்டு, மறுபடி சண்டை பிடித்து, பாதையோரச் சாவடிகள் எல்லாம் திரும்ப முளைத்திருந்த காலம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நெரிசலில் நின்று கிளம்பும்போது நிஹால் முதலாளியின் கார் மூன்று தடவை வெடித்தது.

பாதையில் நின்றவர்கள் அத்தனை பேரும் குந்தினார்கள். ஒரு பழக்கடைக்காரர் அன்னாசிக் குவியலுக்குப் பின்னால் மறைந்தார். நின்றுகொண்டிருந்தது இரண்டே பேர். ஒருவர் காதில் எதையும் வாங்காத ஒரு பிச்சைக்காரர். மற்றவர் என்னை நோக்கித் துப்பாக்கியோடு வந்த காவலர்.

அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தோட்டத்து விலாசம். காருக்குள் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. சேலைன் குழாய். ஒரு போத்தல் மண்ணெண்ணெய். நானாக இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன்.

சாவடியிலிருந்த சார்ஜண்ட் வயதானவர். பொனட்டைத் திறக்கச் சொன்னார். நான் சிங்களத்தில் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். காற்று, பெட்ரோல், நான்கு கதவு, சமன், திருகாணி. அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். நடுவில் சந்தேகம் கேட்டார். என் வாழ்நாளில் த்ரோட்டலைப் பற்றி இவ்வளவு பொறுமையாக என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். நிஹால் முதலாளிகூட இரண்டாவது நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

கடைசியில் சார்ஜண்ட் கேட்டார்: "முன்ன இருந்த ஒரு கதவுல கார் நல்லா ஓடுச்சுதானே?"

"ஓடுச்சு, சேர்."

"அப்ப ஏன் நாலு?"

நான் நான்கு குழாய்களையும் ஒருமுறை பார்த்தேன். அதற்குள் முதலாளி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து, "இது என் பாஸ், இது என் கார்" என்று எனக்காகப் பேசினார். விட்டார்கள். விடும்போது சார்ஜண்ட் சொன்னார்: "டவுன்ல இத வெடிக்க விடாத. ஆளில்லாத மலைப் பக்கமாப் பாத்துப் போ."

எனக்குத் தெரிந்த மலை ஒன்றுதான். அதில் ஆளில்லை என்று டவுன்காரர்கள்தான் நினைப்பார்கள்.

மூன்றாம் நம்பர் மலை

ஒரு வேலை நாள் காலையில் காரை எங்கள் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நம்பர் மலைக்குக் கீழே பாதை நீளமான ஏற்றமாக இருக்கும். ஏற்றிப் பார்த்து, நிறுத்தித் திருகி, மறுபடி ஏற்றிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அன்று அந்த மலையில்தான் கொழுந்து. அக்கா பாக்கியமும் நிரையில் நின்றாள்.

"யாரு காருடா, மாப்பிள மாதிரி வந்து எறங்குற?" என்று மேலேயிருந்து கத்தினாள். பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பெருமையில் ஒரு தடவை இயந்திரத்தை உறும விட்டேன். மலை அந்தச் சத்தத்தை வாங்கி, எதிர்மலைக்குக் கொடுத்து, திருப்பி அனுப்பியது.

அவர்களோடு லெச்சுமியும் இருந்தாள். தோட்டத்தின் அந்த டிவிசனுக்குத் தொழிற்சங்க மாதர் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். தோட்டத்து மேலாளரான துரையின் ஆபீஸில் எல்லோரும் வாசலில் நிற்கும்போது அவள் மட்டும் மேசைவரை போவாள்.

வேலையைத் தொடங்கினேன். முதலாவது த்ரோட்டலில் சேலைன் குழாயைச் செருக இடம் வேண்டியிருந்தது. அங்கேயிருந்து பிரேக்குக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு அதில் செருகினேன். திருகினேன். உறும விட்டேன். வெடித்தது. மறுபடி திருகினேன். வெடித்தது. ஒரு மணித்தியாலம் இப்படியே போனது. வெடிப்பு குறைந்து குறைந்து வந்தது. எனக்கு உலகம் மறந்துவிட்டது.

நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது லெச்சுமி நிரையிலிருந்து வெளியே வந்து பாதைக்கு மேல் மேட்டில் நின்று கையை ஆட்டி ஏதோ சொன்னாள். மேலே காட்டினாள். பிறகு பாதையின் அடுத்த பக்கம் காட்டினாள். என் ஒரு காதில் குழாய். மறு காதில் உறும விட்டிருந்த இயந்திரம். அவள் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். நானும் சிரித்துக் கையை ஆட்டினேன். பிறகு அவளுக்காகவே இன்னொரு தடவை, முன்னைவிடப் பலமாக உறும விட்டேன். டப், டப், டப்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் இருக்கும். குழாயை மூன்றாவது வாய்க்கு மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெண்களின் பேச்சு நின்றது.

இறக்கம்

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு நான் காருக்குள் இருந்தேன் அல்லவா. பக்கக் கண்ணாடியில் நாலைந்து குளவிகள் வந்து மோதின. பொனட் இன்னும் திறந்தே இருந்தது. பாதையில் அக்கா வந்து விழுந்தாள். எழுந்து, திரும்பி மேட்டைப் பார்த்து, "லெச்சுமி! லெச்சுமி அங்க கெடக்கா!" என்று கத்தினாள். அந்தக் குரலில்தான் எனக்கு வெட்கம் வந்தது.

இறங்கி ஓடினேன். பின் சீட்டில் கிடந்த விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். எனக்கும் ஏழெட்டுக் கொட்டு. லெச்சுமி செடிக்கடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அவள்தான் பாதைக்கு மேலே தனியாக நின்றவள், மரத்துக்கு நேர் கீழே. தூக்கிக்கொண்டு வந்தேன்.

தோட்டத்து லொறி உரம் ஏற்றப் போயிருந்தது. கங்காணி மற்றவர்களை டிஸ்பென்சரிக்கு நடத்திக் கூட்டிப் போனார். அதிகமாகக் கொட்டுப்பட்ட நான்கு பேரை நான் காரில் ஏற்றினேன். லெச்சுமி முன்னால். பின்னால் அக்காவும் வேலைக்குப் புதிதாகப் பேர் பதிந்திருந்த இரண்டு பெண்களும். பொனட்டை அடித்து மூடிவிட்டுக் கிளப்பினேன். மேட்டிலிருந்த டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தியபோது டிஸ்பென்சரிக்காரர் லெச்சுமியின் முகத்தைப் பார்த்தார். கண்கள் மூடி வீங்கியிருந்தன. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது. ஒரு மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, "நிக்காத. பலாங்கொடைக்குப் போ. சீக்கிரம் போ" என்றார்.

அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு ஆறு மைல் இறக்கம், எண்ணிப் பார்க்க முடியாத அளவு வளைவு. வேகமாக ஓடவென்று செய்யப்பட்ட அந்தக் காரால் செய்ய முடியாத ஒரே காரியம் மெதுவாக ஓடுவது. காலை எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும் போல நடுங்கியது. அதனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே, உறுமியபடியே, மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினோம். பாதையோரம் நின்றவர்களெல்லாம் நான் பறக்கிறேன் என்று நினைத்துப் பள்ளத்தில் குதித்தார்கள்.

இரண்டாவது வளைவில் பிரேக் மிதித்தேன். கல் மாதிரி இருந்தது.

சட்டென்று புரிந்தது. பிரேக்கை லேசாக்குவது இயந்திரத்தின் உறிஞ்சல்தான். அந்தக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பப் பூட்டாமல் பொனட்டை மூடியிருந்தேன். இயந்திரம் நடுங்கியதும் அங்கே செருகியிருந்த சேலைன் குழாயின் கழன்ற முனை வழியே போன திருட்டுக் காற்றால்தான். மூன்று கிழமை மண்ணெண்ணெய் தெளித்துத் தேடிய சாமானை நானே திறந்து விட்டிருந்தேன்.

முதல் கியருக்கு மாற்றி, கை பிரேக்கை இழுத்து, உள்பக்க மண் மேட்டில் காரை உரசி நிறுத்தினேன். இறங்கிப் பொனட்டைத் திறந்தேன்.

"டேய் பாவி!" என்று அக்கா பின்னாலிருந்து அலறினாள். "அவ மூச்சுக்குத் தவிக்கிறா, ஒனக்கு இப்பப் போயி ரிப்பேரா?"

"அக்கா, பிரேக் இல்லக்கா."

 பின் சீட்டில் மூவரும் சேர்ந்து மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிரேக் குழாயைச் செருகினேன். விரல்கள் வீங்கி என் சொல் கேட்கவில்லை. வளையத்தை இறுக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தேன். ஏறிச் சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. இரண்டாம் தடவையும் கிளம்பவில்லை. லெச்சுமியின் தலை என் தோளில் சாய்ந்தது. மூன்றாம் தடவை நான்கு தொண்டைகளும் ஒன்றாகத் திறந்தன.

நடுக்கம் இல்லை. வெடிப்பு இல்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஓடியது. ஒரு மாதமாக நான் தேடிய சமன் அதுதான். அந்த நேரத்திலும் என் மனத்தின் ஏதோ ஒரு மூலை, "ஆகா" என்றது. மனிதன் எவ்வளவு கேவலமானவன் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

லெச்சுமி வீங்கிய உதட்டால் ஏதோ முனகினாள். குனிந்து கேட்டேன்.

"சரியாயிருச்சா?" என்றாள்.

மெயின் ரோட்டில் நான் ஓட்டிய ஓட்டத்தை நிஹால் முதலாளி பார்த்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பார். ஒரு சாவடியில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். உள்ளே குனிந்து பார்த்த சிப்பாய், முகங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தடியைத் தூக்கினான். பலாங்கொடை ஆஸ்பத்திரியில் லெச்சுமிக்கு ஊசி போட்ட டொக்டர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார். என் கழுத்தில் இருந்த கொட்டுகளுக்கு மருந்து தடவிய தாதி, நல்ல காலம் நீங்கள் காரோடு அங்கே இருந்தீர்கள் என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அந்தக் கிழமை முழுக்க எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் எல்லோருக்கும் தலையை ஆட்டினேன்.

பொன்னாடை

மூன்று நாளில் லெச்சுமி வீட்டுக்கு வந்தாள். மற்றவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நிஹால் முதலாளி முதலில் சீட்டைத்தான் பார்த்தார். பின் சீட்டில் புதுப் பெண்களில் ஒருத்தி வாந்தியெடுத்திருந்தாள். முகம் சுருங்கியது. நான் நடந்ததைச் சொன்னேன். அதாவது பாதிக் கதையைச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். அன்று மாலையே மச்சான் வீட்டுக்குப் போய், "என் கார் நான்கு உயிரைக் காப்பாற்றியது, உன் ஜீப் என்ன செய்தது?" என்று கேட்டதாக அறிந்தேன்.

ஆனால் அவருடைய மனைவி அந்தச் சத்தத்தில் தலைவலிக்கிறது என்று ஏற மறுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து முதலாளி தயங்கித் தயங்கி வந்து, பழைய ஒற்றைத் த்ரோட்டலைத் திரும்பப் பூட்டச் சொன்னார். நான்கு குழாய்களையும் பொலிஷ் போட்டு வீட்டு ஷோகேஸில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, உயிர் காத்த சாமான் என்று விளக்குவாராம். நான்கு கதவுகள் ஏன் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

அதெல்லாம் பிறகு. குளவி கொட்டி இரண்டு கிழமை கழித்து, டிவிசன் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். நடுவில் தோட்டத்துத் துரை. ஒரு பக்கம் வெள்ளை உடுப்பில் நிஹால் முதலாளி. மறு பக்கம் நான். நன்றி சொல்லிப் பேச வந்தவள் லெச்சுமி. முகத்தில் இன்னும் தடங்கள் இருந்தன.

அவள் மேட்டில் நின்று கையை ஆட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. என்ன சொன்னாள் என்பது எனக்கு இப்போது தெரியும். குளவி யாரால் கலைந்தது என்பது அவளுக்கும் தெரியும். மேடையில் எல்லோர் முன்னாலும் அவள் அதைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அந்த வண்டி அன்னைக்கி வராட்டி," என்று ஆரம்பித்தாள் லெச்சுமி. நிதானமாக என்னைப் பார்த்தாள். "அன்னைக்கி மட்டும் அந்த வண்டி வராட்டி, இந்தக் கூட்டமே நடந்திருக்காது."

மண்டபம் கைதட்டியது. நிஹால் முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டு, எழுந்து கும்பிட்டார்.

அவள் துரையின் பக்கம் திரும்பினாள். "ஐயா, அந்த மரத்துல கூடு இருக்குன்னு நாங்க மூணு தடவ ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தோம். கடதாசி எல்லாம் வாங்கி வச்சீங்க. கூடு அங்கயேதான் இருந்துச்சி. ஒவ்வொரு தடவையும் கார் வராதுங்க ஐயா. எல்லா மலையிலயும் இருக்கிற கூட்ட எப்ப எடுக்கப் போறீங்கன்னு இந்த மாரியம்மனுக்கு முன்னால ஒரு நாளச் சொல்லிட்டுப் போங்க."

துரை முதலாளியைப் பார்த்தார். முதலாளி, இவ்வளவு பெரிய தோட்டத்துக்கு இது ஒரு பெரிய வேலையா என்பதுபோலச் சிரித்தார். வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் முன்னால் மறுக்க முடியாமல் துரை எழுந்து, வரும் திங்கட்கிழமை என்றார். சொன்ன திங்கட்கிழமையே ஆட்கள் தீப்பந்தத்தோடு வந்தார்கள். எட்டுக் கூடுகள் எடுத்தார்கள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கடலையும் தேத்தண்ணீரும் வாங்கப் போனபோது, நான் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு லெச்சுமியிடம் போனேன். இரண்டு கிழமையாக மனத்தில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"லெச்சுமி, அன்னைக்கி நீ மேட்டுல நின்னு சொன்னது..."

"கூடு இருக்கு, வண்டியத் தள்ளி நிப்பாட்டுங்கண்ணேன்னு சொன்னேன். நீங்க டாட்டா காட்டுனீங்க."

"எனக்குக் கேக்கல."

"தெரியும். காதுல என்னமோ சொருவிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப ஏன் இன்னைக்கி நீ சொல்லல? என் மேல இரக்கப்பட்டா?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இரக்கமா? நான் ஒங்கள மாட்டிவிட்டிருந்தா தொர என்னா செய்வாரு? 'கூட்டுல ஒரு பெழையும் இல்ல, வண்டிக்காரன் செஞ்ச வேல'ன்னு எழுதி வச்சிட்டுத் தூங்கப் போயிருவாரு. மலையில இருக்கிற கூடு எல்லாம் இன்னும் பத்து வருசம் அங்கயே இருக்கும். எனக்குக் கூட்ட எடுக்கணும்ண்ணே. அதுக்கு நீங்க நல்லவராத்தான் இருந்தாகணும்."

நான் பொன்னாடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் திருப்பிக் கொடுப்பதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று தெரியவில்லை.

லெச்சுமி தேத்தண்ணீர்க் கோப்பையை என் கையில் கொடுத்தாள்.

"குடிங்க, ஆறிப்போகுது" என்றாள். "அடுத்த தடவ அக்காவப் பாக்க வர்றப்ப, பஸ்ஸுல வாங்க."